ஸ்டியரிங் அவர் கையில், மலை உங்கள் காலடியில்

"எனக்கெல்லாம் அது சரிப்பட்டு வராது." இதைச் சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் எத்தனை பேர் தங்கள் உலகத்தை ஒரு தெருவுக்குள் சுருக்கிக்கொண்டுவிட்டார்கள்! இவர்கள் படித்தவர்கள்தான். ஆயுளில் பாதியை வேலையில் கழித்தவர்கள்தான். மகனை ஆஸ்திரேலியாவுக்கும் மகளைக் கனடாவுக்கும் விமான நிலைய வாசலில் நின்று வழியனுப்பியவர்கள்தான். அவர்களிடம் போய், "ஸ்காட்லாந்து போய்வாருங்களேன். அந்த மலைகளையும் தீவுகளையும், கடலுக்குள் கால் நீட்டி நிற்கும் கோட்டைகளையும் பார்த்துவிட்டு வாருங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும். இங்கிலீஷ் வராது. தனியாகப் போக முடியாது. முழங்கால் வலி. குளிர். சாப்பாடு. இந்த வயதில் எதற்கு?

கோபத்தோடுதான் எழுதுகிறேன். கையில் காசில்லாதவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருடைய போராட்டம் வேறு. ஒரே நாள் கல்யாண மேடை அலங்காரத்துக்கு லட்சங்களைக் கொட்டத் தயங்காதவர், தனக்கென்று ஒரு வாரத்தை ஒதுக்க மட்டும் கூசுகிறாரே, அவரிடம்தான் பேசுகிறேன். பேரப்பிள்ளைக்கு உலக வரைபடம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதில் தன் விரலை வைக்கக்கூடத் தயங்குகிற அம்மாவிடம் பேசுகிறேன். உங்களைத் தடுப்பது பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. எல்லாவற்றையும் நானே தனியாகச் சமாளித்தால்தான் தைரியசாலி என்று எவரோ உங்கள் தலைக்குள் ஏற்றிவைத்த ஒரு நினைப்புதான் தடுக்கிறது. அந்த நினைப்பை இன்றே தூக்கி எறியுங்கள்.

எடின்பரோவிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் காலையில் சின்ன வேன்கள் கிளம்புகின்றன. நம் ஊர் டெம்போ டிராவலர் அளவுதான் இருக்கும். பெரும்பாலும் 16 பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. ஓட்டுநரே வழிகாட்டி. மைக்கை மாட்டிக்கொண்டு ஓட்டிக்கொண்டே கதை சொல்வார். ஒருநாள் பயணம் உண்டு, 3 நாளில் ஸ்கை தீவு வரை போய்த் திரும்புவது உண்டு, இன்னும் சில நாள் சேர்த்து வடக்கே ஓர்க்னி தீவுகள் வரை போவதும் உண்டு. இரவு தங்குவதற்குச் சின்னச் சின்ன விடுதிகள். பல இடங்களில் ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே அறை கொடுத்துக் காலை உணவும் போடும். எந்த ஊரில் நிறுத்துவது, எந்தப் படகைப் பிடிப்பது, மழை கொட்டினால் எதை முன்னால் பார்ப்பது, எதைப் பின்னால் தள்ளுவது, அத்தனையும் அவர் தலைவலி. பார்ப்பதும் நடப்பதும் உங்கள் வேலை.

ஐம்பது பேர் ஏறுகிற பெரிய பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் நான் சின்ன வேனைத்தான் சொல்வேன். ஸ்கை தீவின் வடக்கே போகப் போகச் சாலை பல இடங்களில் ஒரே வண்டி அகலத்துக்கு ஒடுங்கிவிடும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென்றே அங்கங்கே சாலையோரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்திப் பலகை நட்டிருக்கிறார்கள். இடம் யார் பக்கம் இருக்கிறதோ அவர் ஒதுங்கி நிற்பார். கடந்து போகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போவார். ஹாரன் சத்தமே கேட்காது. பெரிய பஸ் அந்தச் சாலையில் திணறும்; சின்ன வேன் வளைந்து நுழைந்து போகும். அதைவிட முக்கியம், 16 பேர் இருக்கும் வேனில் யாரும் யாருக்கும் முகமற்றவர் ஆகிவிட முடியாது. முதல் நாள் மத்தியானத்துக்குள் உங்கள் பெயர் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். நடையில் நீங்கள் பின்தங்கினால் ஒருவர் நின்று திரும்பிப் பார்ப்பார்.

"ஆள் வைத்துக் கூட்டிக்கொண்டு போவதெல்லாம் ஒரு பயணமா?" என்று கேட்கிற மேதாவிகள் உண்டு. அவர்களுக்குச் சாமுவேல் ஜான்சனைக் காட்டுங்கள்.

ஆங்கில மொழிக்கு அகராதி தொகுத்துத் தந்த ஜாம்பவான் அவர். அகராதி வந்தது 1755-ல். 1773-ல் இதே மலைநாட்டைப் பார்க்க லண்டனிலிருந்து கிளம்பி வந்தார். அப்போது வயது 63. கனத்த உடம்பு. ஒரு கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை, காதும் மந்தம். உடன் வந்தவர் 32 வயது நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல். இன்வெர்னஸ் ஊரைத் தாண்டினால் கோச் வண்டி ஓடுகிற சாலை கிடையாது. ஆகவே அங்கே குதிரை ஏறினார்கள். வழிகாட்ட மலைநாட்டுக்காரர்கள் 2 பேர், பாஸ்வெலின் வேலையாள் ஒருவர். மொத்தம் 5 பேர். சின்னக் குழு, கூடவே வழி தெரிந்த ஆள். நீங்கள் வெட்கப்படுகிற அதே ஏற்பாட்டோடுதான் அந்த மாமனிதர் போனார்.

கிளெனெல்க் என்ற கடற்கரை ஊருக்குப் போகும் வழியில் ராட்டகன் என்ற செங்குத்து மலை குறுக்கே வருகிறது. ஏறும்போதே ஜான்சனின் குதிரை தடுமாறியது. இறங்கும்போது வேறு குதிரை; அதுவும் சரியாக நடக்கவில்லை. அவர் முணுமுணுக்கத் தொடங்கினார். வழிகாட்டிகளில் ஒருவரான ஹே, அந்தக் குதிரையின் தலையைப் பிடித்து நடத்திக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். மலைச்சரிவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காலையில் ஜான்சன் ஆடுகளைப் பார்த்து மகிழ்ந்தது ஹேயின் நினைவில் இருந்தது. அழும் குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதுபோல, அந்த ஆடுகளைப் பாருங்கள் என்று சொல்லி ஒரு விசில் அடித்து அவற்றைத் துள்ள வைத்தார்! ஐரோப்பாவே மதித்த அறிஞருக்கு நடுமலையில் கிடைத்த உபசாரம் இது. இருட்டுகிற நேரத்தில் பாஸ்வெல் விடுதியை ஏற்பாடு செய்யலாம் என்று முன்னால் குதிரையைத் தட்டிவிட்டார். ஜான்சன் பெருங்குரலெடுத்துக் கூப்பிட்டுத் திரும்ப வரவழைத்தார். தன்னை விட்டுவிட்டுப் போனது அவருக்குத் தாளவில்லை. அன்று இரவு கிடைத்த விடுதியில் கௌரவமான படுக்கை இல்லை. வைக்கோலைப் பரப்பி, சவாரிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தார்.

மறுநாள் திரும்பிப் போனாரா? படகேறி ஸ்கை தீவில் இறங்கினார். அந்த மாதமே டன்வேகன் கோட்டையில் அவருக்கு 64-வது பிறந்த நாள் வந்தது. 1775-ல் அந்தப் பயணம் புத்தகமானது. பயமும் முணுமுணுப்பும் வைக்கோல் படுக்கையும் அந்தப் பயணத்தின் பெருமையில் ஒரு பங்கையும் குறைக்கவில்லை. உங்களுக்கோ சீட் பெல்ட் உண்டு, சூடேற்றிய வேன் உண்டு, வெந்நீர் வரும் குளியலறை உண்டு. கையில் இருக்கிற போனில் மகளின் முகம் தெரியும். இன்னும் என்ன பயம்?

பெண்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தாமஸ் குக் என்ற மரவேலைக்காரர் 1841-ல் இங்கிலாந்தில் ஒரு ரயிலைப் பேசி, ஆளுக்கு 1 ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஏறக்குறைய 500 பேரைக் கூட்டிப்போனார். கூட்டுச் சுற்றுலாவின் வரலாற்றில் அது ஒரு பெரிய தொடக்கம். 1846-ல் அவர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக்கு வந்தார்; பிறகும் திரும்பத் திரும்ப வந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் ஆண் துணையில்லாமல் வெளியூர் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஆனாலும் அவருடைய குழுக்களில் தனியாக வந்த பெண்கள் நிறைய இருந்தார்கள். குழுவே அவர்களுக்குத் துணையாக நின்றது. விக்டோரியா ராணி காலத்துப் பெண் தாண்டிய வாசற்படியை, இன்றைக்கு வங்கியில் தன் பெயரில் கணக்கு வைத்திருக்கிற பெண் தாண்ட மாட்டாளா?

இங்கிலீஷுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை இந்த வேன் பயணத்தில் போனார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர். முதல் நாள் பாதி வழிவரை வாயே திறக்கவில்லை. அவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். வேன் கிளென்கோ பள்ளத்தாக்கில் நின்றது. இரண்டு பக்கமும் மலைச்சுவர், உச்சியில் மேகம், அடியில் ஈரமான புல். வழிகாட்டி கதையைச் சொன்னார். 1692, பிப்ரவரி. அரசுப் படையினர் அந்தப் பள்ளத்தாக்கின் மக்டொனால்டு குடியினர் வீடுகளில் ஏறக்குறைய 2 வாரம் விருந்தாளிகளாகத் தங்கியிருந்தார்கள். அவர்கள் போட்ட உணவை உண்டார்கள், அவர்களோடு சீட்டாடினார்கள். 13-ஆம் தேதி விடிவதற்குள் அவர்களையே வெட்டிச் சாய்த்தார்கள். செத்தவர்கள் 30 பேருக்கும் மேல். தப்பி மலையேறிய பெண்களும் குழந்தைகளும் பனியில் விறைத்து மாண்டார்கள். இப்படி நம்பியவரைக் கொல்வதை ஸ்காட்லாந்துச் சட்டமே தனிக் கொடுங்குற்றமாக வைத்திருந்தது.

உண்ட வீட்டுக்கு இரண்டகம். நம் ஆசிரியைக்கு ரத்தம் கொதித்துவிட்டது. இலக்கணம் பார்க்கவில்லை, காலம் பார்க்கவில்லை. எங்கள் ஊரிலும் உப்புத் தின்ற வீட்டுக்குத் துரோகம் செய்தவனை யாரும் மன்னிக்க மாட்டார்கள் என்று கையை ஆட்டிக்கொண்டு, உடைந்த ஆங்கிலத்தில், குரல் நடுங்கச் சொன்னார். வேனில் இருந்த ஜெர்மன்காரருக்குப் புரிந்தது. ஜப்பானியப் பெண்ணுக்குப் புரிந்தது. அவர்கள் பேசிய ஆங்கிலமும் முழு ஆங்கிலம் இல்லைதானே! அன்று மாலை உணவு மேசையில் அந்த ஜப்பானியப் பெண் தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கடைசி நாள்வரை இருவரும் ஒன்றாகவே நடந்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மலைநாட்டிலேயே ஆங்கிலம் பின்னால் வந்த மொழிதான். அங்கே பரம்பரையாகப் பேசியது கேலிக். சாலைப் பலகைகளில் இன்றும் ஊர்ப்பெயர் இரண்டு மொழியிலும் இருக்கும். தன் பாட்டியின் மொழி நசுங்கியதைப் பார்த்த மண்ணைச் சேர்ந்தவர், உங்கள் ஆங்கிலத்தைப் பார்த்தா சிரிக்கப் போகிறார்? புரியாவிட்டால் இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் உச்சரிப்பு லண்டன்காரருக்கே சட்டென்று பிடிபடாது.

தயக்கம் என்பதை ஏதோ பிறவிக் குறை என்று நினைக்கிறீர்களே, ஃப்ளோரா மக்டொனால்டு தயங்கியவர்தான். 1746 ஏப்ரல் 16, கலோடன் வெளியில் நடந்த போர் ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. தன் குடும்பம் இழந்த அரியணைக்காகப் போரிட்டுத் தோற்ற இளவரசர் சார்லஸ் தீவுகளில் ஒளிந்து திரிந்தார். அவர் தலைக்கு 30,000 பவுண்டு விலை. அவரைக் கடல் தாண்டி ஸ்கைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று ஃப்ளோராவிடம் கேட்டபோது அவருக்கு வயது 24. முதலில் பின்வாங்கினார். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரியாத பெண்ணில்லை. பிறகு சம்மதித்தார். இளவரசருக்குப் பெண் வேடம் போட்டு, அயர்லாந்து வேலைக்காரி என்று ஒரு பெயரையும் கொடுத்து, இரவில் படகேறினார். கைதானார், லண்டன் வரை கொண்டுபோகப்பட்டார், மறு ஆண்டு விடுதலையானார். ஸ்கை தீவின் கில்மூர் கல்லறைத் தோட்டத்தில் அவர் நினைவுச் சிலுவையின் முன்னால் வேன் நிற்கும்போது இறங்கிப் பாருங்கள். அதில் பொறித்திருப்பது ஜான்சன் எழுதிய வரிகள். 1773 பயணத்தில் ஜான்சன் அவர் வீட்டிலும் விருந்தினராகத் தங்கினார்.

முழங்கால் வலி நிஜம்தான். அதை நான் இலேசாகப் பேச மாட்டேன். ஸ்கையில் ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டார் என்றொரு பாறைத் தூண் இருக்கிறது. ஏறக்குறைய 50 மீட்டர் உயரத்துக்குத் தன்னந்தனியாக எழுந்து நிற்கிறது. அதன் அடிவாரம் வரை போய்த் திரும்ப ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நடை, போகும் வழி முழுக்க ஏற்றம். கீழே வேனை நிறுத்திவிட்டு வழிகாட்டி திரும்பி வரவேண்டிய நேரத்தைச் சொல்வார். எவ்வளவு ஏறுவது என்பது உங்கள் முடிவு. கால் மணி நேரம் ஏறினாலே திரும்பிப் பார்க்கும்போது கீழே ஏரிகளும் கடலும் ராசே தீவும் விரிந்து கிடக்கும். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டால் யார் உங்களைத் தோற்றவர் என்பார்கள்? ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட முக்கியச் சிகரங்களுக்கு மன்ரோ என்று பெயர். முதன்முதலில் 1891-ல் பட்டியல் போட்ட ஹியூ மன்ரோ, தன் பட்டியலில் இருந்த அத்தனை சிகரங்களையும் ஏறி முடிக்காமலேயே கண்ணை மூடினார். இன்று அந்தப் பட்டியலில் 282 சிகரங்கள். ஏறுகிறவர்கள் எல்லோரும் உச்சரிப்பது அவர் பெயரைத்தான்.

வசதியான சூழ்நிலை வரட்டும் என்று காத்திருக்கிறவரை நான் ஓர்க்னிக்கு இழுத்துப்போக விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலிய வீரர்களை அங்கே ஒரு மரமற்ற சின்னத் தீவில் கொண்டுவந்து வைத்தார்கள். தீவுகளுக்கு நடுவே கடலை அடைத்துத் தடுப்பு கட்டுவது அவர்கள் வேலை. குளிர், காற்று, முள்கம்பி. கும்பிட ஓரிடம் வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு தகரக் குடில்கள் கிடைத்தன. டொமினிகோ கியோகெட்டி என்ற கைதி தூரிகையை எடுத்தார். அட்டைப் பலகைச் சுவரில் செங்கல்லும் செதுக்குக் கல்லும் இருப்பதுபோல வரைந்தார். தொட்டுப் பார்த்தால்தான் வர்ணம் என்று தெரியும். மாட்டிறைச்சி வந்த காலி டின்களை வெட்டி விளக்குத் தாங்கிகள் செய்தார்கள். பலிபீடத்துக்குப் பின்னால் அன்னை மரியாளின் ஓவியம்; போர் முழுக்கச் சட்டைப் பையில் வைத்திருந்த, தன் தாய் கொடுத்த சின்னப் படத்தைப் பார்த்து வரைந்தது அது. மற்றவர்கள் ஊர் திரும்பியபோதும், வேலை முடியவில்லை என்று அவர் இருந்து முடித்துவிட்டுத்தான் போனார். 1960-ல் திரும்பி வந்து அதைப் புதுப்பித்தும் கொடுத்தார். கைதிக்கு வாய்த்த நேரம்கூடவா உங்களுக்கு வாய்க்கவில்லை?

ஐலன் டோனன் கோட்டையை வேன் கண்டிப்பாகக் காட்டும். மூன்று கடல் ஏரிகள் சந்திக்கும் இடத்தில், கல்பாலம் ஒன்றால் கரையோடு சேர்ந்து நிற்கும் அந்தக் கோட்டையைக் காலண்டர்களில் பார்த்திருப்பீர்கள். நூற்றாண்டுகள் அசையாமல் நின்ற கோட்டை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 1719-ல் போர்க்கப்பல்களில் வந்த படையினர் தகர்த்துவிட, ஏறக்குறைய 200 ஆண்டுகள் வெறும் கற்குவியலாகக் கிடந்தது அது. 1911-ல் மக்ரே-கில்ஸ்டிராப் என்ற படை அதிகாரி அந்தத் தீவை வாங்கி, 1932 வரை கட்டினார். நீங்கள் படம் எடுப்பது அவருடைய இருபது வருடப் பிடிவாதத்தை.

இன்னொரு கட்டடம் சாதாரணமாக வேன்களின் பட்டியலில் இருக்காது. கேட்டால் தூரத்திலிருந்தாவது காட்டுவார்கள். இன்வெர்னஸுக்கு வடக்கே ஆல்னெஸ் ஊருக்கு மேலே ஃபைரிஷ் குன்றின் உச்சியில் வளைவு வளைவாக ஒரு கல் வாசல் நிற்கிறது. 1781-ல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த ஹெக்டர் மன்ரோ, அந்த நாகப்பட்டினக் கோட்டை வாசலின் நினைவாக எழுப்பியது. நிலத்திலிருந்து துரத்தப்பட்டுப் பசியில் கிடந்த உள்ளூர் மக்களுக்குக் கூலி கொடுத்துக் கட்டியதாகச் சொல்கிறார்கள். நம் கடற்கரையில் நின்ற வாசல் ஒன்றின் சாயலில் இப்படி ஒரு குன்று வாசல்! பீரங்கியோடு வந்தவன் நம் ஊரைத் தன் மலைமேல் கொண்டுபோய் வைத்திருக்கிறான். முறையாக விசா வாங்கி, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, தலை நிமிர்ந்து போய் அதைப் பார்க்க உங்களுக்கு என்ன கூச்சம்? நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் அந்தக் குன்றில் ஏறி நிற்கிற நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

சரி, எழுந்திருங்கள். பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பிரிட்டன் சுற்றுலா விசாவுக்குப் பயணத்துக்கு 3 மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். சென்னையில் கைரேகை கொடுக்கலாம். வங்கிக் கணக்கு விவரத்தை இப்போதிருந்தே ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் நல்லது. மேற்குக் கரையில் மழை ஓரளவு குறைந்திருக்கும், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், மிட்ஜ் என்கிற கடிக்கும் பூச்சிகள் பெருகுவதற்குள் திரும்பிவிடலாம். குடை வேண்டாம், அங்கே வீசும் காற்று அதை உடைத்துவிடும். தொப்பியோடு நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள். நனையாத ஷூ வாங்கி, ஒரு மாதம் போட்டு நடந்து பழகுங்கள். காலையில் அரை மணி நேரமாவது மாடிப்படி ஏறி இறங்குங்கள். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். அந்த நாட்டின் பேர்போன ஹேகிஸ்கூட இப்போது பருப்பும் ஓட்ஸும் போட்டுச் சைவமாகக் கிடைக்கிறது. பெட்டி ஒன்றே ஒன்று, நீங்களே தூக்கக்கூடிய எடை.

பிறகு, இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்காரும்போது தேதியைச் சொல்லுங்கள். போகட்டுமா என்று கேட்காதீர்கள். அந்த வாரம் பேரனைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது யார், பாலுக்குக் காசு கொடுப்பது யார் என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.